எளிதாகத் திறந்ததால் திரும்பி வந்த மூடி

1. ஒரு பெட்டி கோபம்

ஜீவனஹள்ளி மளிகைக் கடைக்காரர் செல்வம் என் மூடிகளை ஒரு பெட்டி நிறையத் திருப்பி அனுப்பினார். பாட்டிலோடு, தைலத்தோடு, கொஞ்சம் கோபத்தோடு. நேரில் போனேன்.

"ஓப்பன் பண்ண மால எனக்கு எதுக்கு சார் அனுப்புறீங்க?"

"எல்லாம் புதுசுதான், செல்வம்."

"நான் நம்புறேன் சார். கஸ்டமர் நம்பணுமே. எடுக்குறாங்க, லேசாத் திருகுறாங்க, கையோட வந்துடுது. யாரோ தடவிப் பாத்துட்டு வெச்சுட்டாங்கன்னு பக்கத்துக் கடைக்குப் போயிடறாங்க."

நான் பேக்கேஜிங் டிசைனர். பொருளைச் செய்வது வேறு யாரோ. அது உங்கள் கையில் திறந்துகொள்ளும் அந்த ஒரு நொடி மட்டும் என் ராஜ்ஜியம். நம் ஊரில் வாங்கும் முன்பு மூடியை ஒரு திருகு திருகிப் பார்ப்பது வழக்கம். நானும் திருகுவேன். அது முரண்டு பிடித்தால் மனதுக்கு ஒரு நிம்மதி. மூடி வரையும்போது மட்டும் அந்த நிம்மதி எனக்கு நினைவுக்கு வரவில்லை.

2. மாடி வீட்டுக் கதவு

அது மூட்டு வலித் தைலம். பழைய மூடியைத் திறக்க மூட்டு வலி இல்லாத ஒருவர் தேவைப்பட்டார். இந்த வேடிக்கையைத் தீர்க்கத்தான் கம்பெனி என்னை அழைத்திருந்தது.

சாம்பிளைப் பயன்படுத்திப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஸ்டெல்லா. என் வயதுதான். விவேக் நகரில் ஒரு பல் க்ளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். முடக்குவாதத்தில் விரல்கள் வீங்கி, மடங்க மறுத்தன.

"தினம் சாயங்காலம் பாட்டில எடுத்துக்கிட்டு மாடி வீட்டுக்குப் போவேன் சார். சேலத்துப் பையன், ஐ.டி. காதுல ஹெட்போனோட வந்து தொறந்து குடுப்பான். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. அதான் கஷ்டமே. திட்டக்கூட முடியல."

"லூசா மூடி வெச்சுக்கலாமே?"

"வெச்சேன். பேக்குல கொட்டிடுச்சு. அன்னிக்கு வந்த பேஷண்டெல்லாம் பல் வலிய மறந்துட்டு என்னையே பாக்குறாங்க."

மூடிக்கு இரண்டு சிறகுகள் வைத்தேன். விரல் வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினாலே சுற்றும். டார்க்கை, அதாவது மூடி நம்மிடம் கேட்கும் முறுக்கு விசையை, நன்றாகக் குறைத்தேன். ஸ்டெல்லா மணிக்கட்டால் ஒரு தள்ளுத் தள்ளினார். மூடி மறுபேச்சு பேசாமல் வழிவிட்டது. மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது ஏற்கெனவே தொறந்ததா சார்?"

சிரித்துவிட்டேன். அது பாராட்டு இல்லை, சந்தேகம் என்பது செல்வத்தின் கடையில்தான் உறைத்தது.

3. மூர்த்தி போனில் இருந்தபோது

கம்பெனியின் சேல்ஸ் ஹெட் மூர்த்தி, திரும்பி வந்த பெட்டியைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பேடா குரு, பேடா. பழைய மூடியே ஓடட்டும். டைட்டா இருந்தாதான் புதுசு. மூடி மக்கர் பண்ணாதான் நம்ம ஜனம் நம்பும். வெள்ளிக்கிழமைக்குள்ள வேற ஏதாவது கொண்டு வாங்க, இல்லன்னா பழைய மோல்டுதான்."

பழைய அச்சிலேயே மூடி வார்த்தால், ஸ்டெல்லா மறுபடியும் மாடிப்படி ஏறுவார்.

யோசித்துக்கொண்டே நடந்தேன். வண்டிப் புகை, மழை வாசனை, பேக்கரி வாசனை, மறுபடி புகை. ஒரே மூடியைக் காவலாளியாகவும் கதவாகவும் வேலை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பட்டது. ஆளுக்கொரு வேலையாகப் பிரித்தேன். பாட்டில் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புப் பட்டை, அதில் பெரிய வளையம். விரல் நுழையாவிட்டால் பேனா நுழையும், சாவி நுழையும். இழுத்தால் டர்ரென்று கிழியும், ஒரே ஒரு முறை. புதுசு என்பதற்குக் கண்ணுக்குச் சிவப்பு சாட்சி, பார்வையில்லாதவரின் விரலுக்கு வளையம் சாட்சி. அதன் பிறகு எல்லா நாளும் சிறகுகள்தான்.

வெள்ளிக்கிழமை மூர்த்தி தன் மேலதிகாரிக்குப் போனில் கன்னடத்தில் ஆமாம் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டிலை அவர் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"ஹௌது சார். ஹௌது சார்." இடது கை போனோடு காதில். வலது கைக்கு வேலையில்லை. மேசையில் கிடந்த கார் சாவியை எடுத்தது, வளையத்துக்குள் விட்டது, இழுத்தது. டர்ர். பாட்டிலைப் பிடித்து, கட்டைவிரலால் சிறகைத் தள்ளியது. அறை முழுக்கத் தைல வாசனை. அப்போதுதான் மூர்த்தி தன் கையைக் குனிந்து பார்த்தார்.

"ஒன் மினிட் சார்" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டார். "இன்னொண்ணு குடு குரு."

அதையும் கிழித்தார். இன்னொன்றையும். கொண்டுபோன சாம்பிள் எல்லாம் தீர்ந்தது.

"சவுண்டு சூப்பர். நான் அப்பவே சொல்லல, ஜனங்களுக்கு ஒரு கேரன்டி வேணும்னு?"

அப்போதே சொன்னது அவர்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். மோல்டுக்குக் கையெழுத்து வேண்டுமே.

4. ஸ்டெல்லாவின் போன்

புது பாட்டில் கடைக்கு வந்ததும் ஸ்டெல்லா அழைத்தார்.

"வீட்டுச் சாவியால இழுத்தேன் சார். நானே தொறந்தேன், நானே மூடினேன். மாடிக்குப் போய்ச் சொல்லிட்டும் வந்துட்டேன், இனிமே சும்மா பேசத்தான் வருவேன்னு."

"ரொம்ப சந்தோஷம்."

"இருங்க சார். ஒரு நாளைக்கு எத்தன தடவ தடவணும்னு பின்னாடி எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கே. அதப் படிக்க யார் வீட்டுக்குப் போகணும்?"

நானே படித்துச் சொல்கிறேன் என்று பாட்டிலைத் திருப்பினேன். தள்ளிப் பிடித்தேன், கிட்டே பிடித்தேன், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனேன். பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடப் போனேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களே, யாருக்காகவோ செய்கிறோம் என்ற நினைப்பில்தான் எல்லோரும் தொடங்குகிறோம். வேலை பாதியில் இருக்கும்போதே நாமும் அந்த யாரோ ஆகிவிடுகிறோம்.