கணுக்காலில் ஒரு குழி

அண்ணனின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் விழுவதுபோல அங்கே ஒரு குழி விழுந்தது. மேலெழும்பட்டும் என்று காத்திருந்தேன், அது அப்படியே நின்றது. சுசீந்திரத்தில் அவர் வீட்டு முன்னறை. வயல் சேற்றைக் கழுவிவிட்டு வந்து, ஈரக்காலை முக்காலியில் நீட்டியிருந்த அண்ணனும் அதைக் குனிந்து பார்த்தார். “கொள்ளாமே ஏட்டி, ஒரு வெதை போடலாம் போலயே” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. வருடம் தவறாமல் கரும்பலகையில் இதயத்தை வரைகிறவள். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் இரத்தத்தை வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே காற்று கலந்து வருவதை இடது பக்கம் வாங்கி மறுபடி உடம்புக்குத் தள்ளும். தள்ளுகிற வலு குறைந்தால், திரும்பி வருகிற இரத்தம் உள்ளே போக வழியில்லாமல் தேங்கும். அதிலிருந்து கசியும் நீர் காலில் இறங்கும், நுரையீரலில் கட்டும், மனிதனால் மல்லாந்து படுக்க முடியாது. அன்று அண்ணனிடமும் இதையெல்லாம் படம் போட்டே சொன்னேன். “நெஞ்சுக்குள்ள நாலு அறையா? நான் கெட்டுன வீட்டுலயே ரெண்டுதானட்டி” என்று காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

விளங்க வைத்தது நான் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர்தான். நல்ல மனிதர், பொறுமைசாலி. அண்ணனின் கையிலிருந்த காய்ப்பைப் பார்த்ததுமே, மேசையில் விரித்த இதயப் படத்தை மூடிவிட்டார். “நெஞ்சு ஒரு பம்புசெட்டுன்னு வச்சுக்கிடுங்க. அது வலுவா இழுக்காட்டா வயல்ல வெள்ளம் கெட்டி நிக்கும். இந்த மாத்திரை மடையத் தொறந்து வடிய விடும்” என்றார். அண்ணன் முகம் தெளிந்தது. பஸ்ஸில் திரும்பும்போது, “படிச்சவன்னா இப்பிடிச் சொல்லணும்” என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரை வேலை செய்தது. கால் வற்றி, நரம்பு தெரிந்தது. மதினி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

வற்றியதும் அண்ணன் மாத்திரையை நிறுத்தினார். வடிந்த பிறகும் மடையைத் திறந்துபோட்டிருப்பவனை எங்கள் ஊரில் யாரும் விவசாயி என்று சொல்லமாட்டார்கள். “வெள்ளம் போன பொறவும் தொறந்து கெடந்தா வயலு வெடிச்சிராதா?” என்று என்னிடமே கேட்டார். சண்டை போட்டேன், கெஞ்சினேன். டாக்டரும் அடுத்த முறை போனபோது கடிந்து சொல்லிப் பார்த்தார். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். “எடுத்துக் குடுத்தா கையத் தட்டி விடுகாவ” என்று மதினி அழுதாள். கால் வீங்கினால் மாத்திரை, வற்றினால் நிறுத்தம். ஒவ்வொரு முறையும் வீக்கம் இறங்கியதால், தான் சொன்னதே சரி என்று அவருக்கு ஆகிவிட்டது. நீர் ஏறிய ஒவ்வொரு முறையும் உள்ளே இதயம் விரிந்தது, விரிந்தது சுருங்கவில்லை. பழைய பாவாடையின் எலாஸ்டிக் போலத் தளர்ந்துகொண்டே போனது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கால் மட்டும்தான்.

கும்பப்பூ நெல் கதிர் முற்றி நின்ற நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அறுவடையை அவர் பார்க்கவில்லை. வீக்கம் தொடையைத் தாண்டி வயிற்றுக்கு ஏறியிருந்தது. மாத்திரை போதாமல் ஊசி போட்டார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார். “ஏட்டி, மடையத் தொறந்துதானே வச்சிருக்கு. வெள்ளம் என்ன எறங்கமாட்டேங்கு?”

அதற்குப் பதில் எனக்குத் தெரியும். பம்பே ஓய்ந்துவிட்டது, இனி எந்த மடையைத் திறந்தும் பலனில்லை. அதை எப்படிச் சொல்வது? “எறங்கும் அண்ணா” என்றேன். அவர் என்னை நம்பினார். படம் போட்டு உண்மையைச் சொன்னபோது நம்பாத மனிதர், அந்தப் பொய்யை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காகக் காலைப் பிடித்துக்கொண்டவள் நான்தான். அவர்கள் கட்டி முடித்ததும் கையை எடுத்தால், இரண்டு கணுக்காலிலும் என் கட்டைவிரல் குழிகள். நகருங்கள் என்று யாரோ சொன்னார்கள். நான் அந்தக் குழிகள் மேலெழும்பக் காத்துக்கொண்டு நின்றேன்.

இப்போதும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் காலை அழுத்திப் பார்க்கிறேன். விரலை எடுத்த உடனே தோல் மேலெழும்பிவிடுகிறது. அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.