இரண்டு வெள்ளிச் சிப்பும் எட்டுப் பெரிய மனிதர்களும்

சிங்கப்பூரின் தேக்கா பகுதியில், பெட்டியும் பையும் விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இயங்கும் நற்றமிழ்ச் சோலை மன்றத்துக்குச் செயற்குழு உறுப்பினர்கள் எட்டுப் பேர். சாதாரண உறுப்பினர்கள் என்று யாரும் இல்லை. அவ்வளவு தாழ்ந்த நிலைக்கு இறங்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. எட்டாமவர் ஞானசேகரன். வயது ஐம்பத்தாறு. பதவி, தொழில்நுட்பச் செயலாளர். அப்பதவியை உருவாக்கியவரும் அவரே, அதற்குப் போட்டியின்றித் தேர்வானவரும் அவரே.

பகலில் துவாஸ் தொழிற்பேட்டையில் பாரந்தூக்கி இயந்திரங்களின் மின்பெட்டிகளைப் பழுது பார்ப்பார். அவை அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. மனிதர்கள் பேசினார்கள் என்பதால் மனிதர்களை அவருக்குப் பிடிக்காது. மனிதர்களுக்கும் அவரைப் பிடிக்காது. இந்த விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் பூரண ஒற்றுமை நிலவியது.

அவருக்குப் பிடித்தவை மூன்று. பின்பக்கம் புடைத்த பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சிகள் மூன்று. 2019 பிறந்ததும் பழைய முறை ஒளிபரப்பை நாட்டில் நிறுத்தினார்கள். எல்லாரும் தட்டைத் திரைக்கு மாறினார்கள். ஞானசேகரன் மட்டும் ஊரார் குப்பைத்தொட்டி ஓரம் வைத்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தார். புக்கிட் பாஞ்சாங் வீட்டில் அவர் மனைவி பூவம்மா ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொன்னார்: "அதுங்க இங்க இருந்தா நான் இல்ல, நான் இருந்தா அதுங்க இல்ல, யோசிச்சுட்டுச் சொல்லுங்க." ஞானசேகரன் யோசித்தார். அவர் யோசித்த நேரத்தின் நீளத்தை பூவம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. தொலைக்காட்சிகள் மன்றத்தின் சாமான் அறைக்குக் குடியேறின.

சாமான் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று இவ்வாண்டு தீர்மானம் கொண்டுவந்தவர் மன்றச் செயலாளர் சுதா. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நாற்காலி வைக்க இடமில்லை என்பது அவர் எழுதிய காரணம். ஞானசேகரனின் முகம் என்பது எழுதாத காரணம்.

"மூணு டிவி, ஒண்ணுலயும் ஒண்ணும் வராது. எதுக்கு லா அண்ணே வெச்சிருக்கீங்க?"

"ஏன் வராது? பின்னாடி வயர் சொருகற மஞ்சள் ஓட்டை இருக்கு. அதுல சிக்னல் குடுத்தா வரும். நான் குடுப்பேன்."

"எதுல?"

"ரெண்டே வெள்ளிக்கு வாங்கின சிப்புல."

"ப்ரொஜெக்டர் இருக்கு, லேப்டாப் இருக்கு."

"அதுல யாருக்கும் வரும். உங்களுக்கே வரும்."

அறையில் இருந்த ஆறு பேர் தலையைக் குனிந்துகொண்டு மகிழ்ந்தார்கள். அங்கேயே பந்தயம் முடிவாகி, கூட்டக் குறிப்பிலும் ஏறியது. வரும் பட்டிமன்றத்துக்கு நேரக் கடிகாரமும் மதிப்பெண்ணும் ஞானசேகரனின் தொலைக்காட்சியில் ஓட வேண்டும். தமிழ் வாழ்த்து முதல் நன்றியுரை வரை படம் குலையாமல் நின்றால் சாமான் அறை அவருக்கு. ஒரு முறை குலைந்தாலும் அன்றே மூன்றையும் அவரே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

இரண்டு மாதம் உழைத்தார். சிப் நகத்தளவு. வெளியே இரண்டு மின்தடைகள், ஒரு மஞ்சள் வயர். கருப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் தெரியாது. திரையில் நூற்று இருபத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு புள்ளிகள். அடுத்த கூட்டத்தில் இதன் வரம்புகளைப் பற்றி ஞானசேகரன் நாற்பது நிமிடம் விளக்கினார். ஒருவரைத் தவிர யாரும் கேட்கவில்லை.

"தொலைக்காட்சி காத்திருக்காது. கோடு கோடா வரையும், நொடிக்கு அம்பது தடவை. ஒரு கோட்டுக்கு அறுபத்துநாலு மைக்ரோ நொடி. சிப்பு ஒரு மைக்ரோ நொடி தூங்கினா படம் கிழிஞ்சிடும். அதனால அது வாழ்க்கை முழுக்க வரைஞ்சிட்டே இருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கொஞ்சம் மூச்சு விடும். மத்த வேலையெல்லாம் அந்த மூச்சுலதான்."

"பாவம், செயலாளர் வேலை மாதிரி," என்றார் சுதா.

"நினைவு ரெண்டாயிரத்து நாப்பத்தெட்டு பைட்டு. அதுல படத்துக்கே ஆயிரத்து ஐந்நூத்து முப்பத்தாறு போயிடும். மிச்சத்துல கடிகாரம், மார்க், கடைசியா வாசிக்கிற செயற்குழுப் பெயர்ப் பட்டியல்."

பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே சிப்பில் பதித்துவிட்டால் இடம் மிச்சமாகும். ஆனால் நம் மன்றங்களில் மேடையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பது நிகழ்ச்சி தொடங்கும் வரை எந்தச் சக்தியாலும் முடிவு செய்ய முடியாதது. முதல் நாள் கோபித்துக்கொண்டவர் மறுநாள் வருவார். வந்தவர் வரிசையைப் பார்த்துக் கோபித்துக்கொள்வார். எனவே அன்று காலை விசைப்பலகையில் தட்டி ஏற்றும்படிதான் ஞானசேகரன் செய்திருந்தார். அதற்காகப் பெயர்களை அந்தச் சின்ன நினைவிலேயே வைக்க வேண்டியிருந்தது.

"எட்டுப் பேர். வெறும் பேர். பட்டம் கிடையாது. அதுக்கு மேல நாப்பது பைட்டு விட்டு வெச்சிருக்கேன், பாதுகாப்புக்கு. ஒருத்தரும் தொடக் கூடாது. அதைத் தாண்டினா பேரு ஒரு பக்கம் தள்ளும், சிப்போட வேலைக் குறிப்பு இன்னொரு பக்கம் தள்ளும், படம் நடுவுல மாட்டிக்கிட்டு சாகும்."

சுதா ஒருவர் மட்டும் இதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 'நாற்பது' என்ற எண்ணின் அடியில் இரண்டு கோடு போட்டார்.

பட்டிமன்ற நாள் வந்தது. தலைவர் முத்துசாமி, கீழே பெட்டி பை விற்கும் கடைக்குச் சொந்தக்காரர், காலையிலேயே வந்து விசைப்பலகை அருகில் நின்றார். அவர் 'சொற்பெருக்குச் செம்மல்', 'நற்பணி நாயகர்' ஆகிய இரு பட்டங்களுக்கு உரியவர். இரண்டையும் அவருக்கு வழங்கியது இதே மன்றம்.

"ஞானம், என் பேருக்கு முன்னாடி ரெண்டும் வரணும்."

"இடமில்ல தலைவரே."

"இருபத்தொரு இஞ்சு டிவில இடமில்லையா?"

"டிவில இருக்கு. சிப்புல இல்ல."

"தலைவர் கேக்கறாரு, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்களேன் அண்ணே," என்றார் சுதா, பால் போன்ற குரலில்.

ஞானசேகரன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முத்துசாமி என்று ஐந்தே எழுத்துகளைத் தட்டி நிறுத்தினார். தலைவரின் முகத்தில் இரத்தம் ஏறுவதைக் கடைசி வரிசையிலிருந்தே காண முடிந்தது. மற்ற உறுப்பினர்களின் பட்டங்களும் அவ்வாறே சீவப்பட்டன. பத்து நிமிடத்துக்குள் மன்றத்தில் ஏழு பேர் அவருடைய பரம விரோதிகளானார்கள். இவர்களில் ஆறு பேர் ஏற்கெனவே விரோதிகள் என்பதால் இலாபம் ஒன்றுதான்.

ஆனால் படம் நின்றது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெள்ளைக் கட்டை எண்கள் ஒரு நடுக்கமும் இல்லாமல் ஓடின. நேரம் முடிந்ததும் திரை மூன்று முறை மின்னியது. பின்வரிசையிலிருந்து ஒரு பேச்சாளரின் தாயார், "நல்லாத் தெளிவா தெரியுதே!" என்று சொன்னதை ஞானசேகரன் கேட்டார். பல ஆண்டுகளாக அவரைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. சொன்னது அவரைப் பற்றியல்ல என்பது வேறு விஷயம்.

தேநீர் இடைவேளைக்கு முன் தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இங்க ஓடற டிவி பெட்டியைத் தூக்கிட்டு வந்து குடுத்த தம்பிக்கும் நன்றி. நல்லாத் தூக்கினாரு."

சபை சிரித்தது. ஞானசேகரன் சிரிக்கவில்லை. எல்லாரும் வடை பக்கம் போனதும் அவர் விசைப்பலகை முன் உட்கார்ந்தார். பட்டியலின் கடைசி வரி அவருடையது. பெயருக்கு முன்னால் 'மின்னணு வேந்தர்' என்று தட்டினார். அப்பட்டத்தை வழங்கியவர் யார் என்பதை வரலாறு பதிவு செய்யவில்லை. அந்நேரம் அருகில் வேறு யாரும் இல்லை.

வேறு யாரும் இல்லை என்றது தவறு. வடைத்தட்டோடு சுதா நின்றிருந்தார்.

"எண்ணிப் பாத்தீங்களா அண்ணே?"

"எனக்கே கணக்குச் சொல்லித் தர்றீங்களா?"

"ஐயோ, இல்ல இல்ல. ரொம்ப அழகா இருக்கு. அப்படியே விடுங்க."

சிப்பின் கணக்கில் மின்னணு வேந்தர் என்பது நாற்பத்து மூன்று பைட். அந்த வேந்தருக்கு மூன்றே பைட் நிலம் போதவில்லை.

கடிகாரம் மட்டும் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை. நன்றியுரையில் மதிப்பெண்ணும் பெயர்ப் பட்டியலும் ஒன்றாக வர வேண்டிய தருணத்தில்தான் சிப் திணறியது. சுதா பெயர்களை வாசிக்க, திரையில் முத்துசாமி வந்தார், பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசி வரியில் மின்னணு வேந்தர் என்று தெரிந்தது. தெரிந்ததுமே அதன் மேல் எறும்பு மொய்த்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் பரவின. நினைவின் இடிபாடு திரையின் அடியிலிருந்துதான் தொடங்கும். அடியில் இருந்தது அவருடைய பெயர். வேந்தர் கரைந்தார், ஞானம் கரைந்தது, பிறகு படம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுபட்டு, இரைச்சலோடு வெறும் மழையாகிவிட்டது.

"நன்றி, வணக்கம்," என்றார் சுதா. இவ்வளவு மனமார அவர் அந்தச் சொற்களைச் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்தது. தலைவர் மாடிப்படி இறங்கும்போது, "தம்பி நல்லாத் தூக்குவாரு," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். சின்னத் தொலைக்காட்சிகள் இரண்டையும் ஞானசேகரன் தனியாகவே இறக்கி நடைபாதையில் வைத்தார். இருபத்தொரு இஞ்சு மட்டும் அசையவில்லை. கடைவீட்டுப் படி செங்குத்து, ஒருவர் போனால் இன்னொருவர் ஒதுங்க முடியாத அகலம். மேலே மிச்சமிருந்தவர் கதவைப் பூட்டுவதற்காக நின்ற சுதா ஒருவர்தான்.

"பிடிங்க," என்றார் ஞானசேகரன். கேட்டதாகத் தோன்றவில்லை, உத்தரவாகவே இருந்தது.

"நான் ஏன் பிடிக்கணும்?"

"பிடிக்கலன்னா இது இங்கயே இருக்கும். நாற்காலி எப்படி வைப்பீங்க?"

சுதா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்தார். அவர் மேல்படியில், ஞானசேகரன் கீழ்ப்படியில், நடுவில் முப்பது கிலோ கண்ணாடி.

"மெதுவா! இழுக்காதீங்க," என்றார் சுதா.

"நான் இழுக்கல, நீங்கதான் தள்ளறீங்க."

"எண்ணிப் பாத்தீங்களான்னு அப்பவே கேட்டேன்ல?"

"கெட்ட எண்ணத்துல கேட்டீங்க."

"ஆமா. கெட்ட எண்ணத்துலதான் கேட்டேன். கணக்கு சரிதானே?"

ஒரு படி இறங்கினார்கள்.

"வீட்டுக்கா கொண்டு போறீங்க? அண்ணி விட மாட்டாங்கன்னு சொன்னீங்க."

"அது மன்றத்து விஷயம் இல்ல."

"டாக்சிக்காரன் மூணையும் ஏத்த மாட்டான் லா."

"பேசாம இறங்குங்க."

"நீங்க முதல்ல காலை எடுங்க, அப்பத்தான் நான் இறங்க முடியும்."

"நான் காலை எடுத்தா நீங்க விட்டுடுவீங்க."

"விட மாட்டேன்."

"உங்களை எப்படி நம்பறது?"

"நம்பாதீங்க," என்றார் சுதா. வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது; துடைக்கக் கை இல்லை. "நம்பாமயே இறங்குங்க."

ஞானசேகரன் காலை எடுத்தார். இன்னும் பதினாறு படிகள் இருந்தன.