கடைமடைக்கு ஒரு டிவி

எங்கள் ஊர் மாரியம்மனிடம் நான் பூப்போட்டுக் கேட்காத காரியம் குறைவு. போர்வெல் எந்த மூலையில் போடுவது, பசுவை விற்கலாமா, மகளைக் காலேஜில் சேர்க்கலாமா, எல்லாம் அவள் சொல்லி நடந்ததுதான். வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு வெற்றிலையிலும் மடித்து, நூல் சுற்றி, அவள் காலடியில் போடுவோம். மனசுக்குள் கேள்வியைச் சொல்லிவிட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சுக் கிடையாது. ஒரே விஷயத்தை மறுபடி போய்க் கேட்கவும் கூடாது.

மகளுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது. கண் இமையிலேயே முத்து இறங்கி, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். பார்வைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வெள்ளியில் கண்மலர் வாங்கிச் சாத்தினோம். ஆத்தாள் கண்ணைக் கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்கு அவளைக் கேட்காமல் கை ஓடாது.

அப்படிப்பட்டவன் டிவி வாங்குவதற்கும் பூப்போட்டுப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த பெட்டி டிவி. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் ரேஷன் கார்டோடு வரிசையில் நின்று வாங்கி, சைக்கிள் கேரியரில் ஏற்றி, நான் ஒரு பக்கமும் என் மனைவி ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு தள்ளி வந்தோம். என் அப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். ரேடியோ கேட்பதென்றால்கூட மிராசுதார் வீட்டு வாசலில் தரையில்தான் உட்கார வேண்டும். அவர் கொடி பிடித்து, கோர்ட்டுக்கு நடந்து, கடைசிக் காலத்தில் சொந்தமாக்கிக்கொண்ட கொஞ்சம் நிலத்தில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். அவர் மகன் தன் வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு டிவி பார்த்தான் என்றால் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் நிம்மதியாகப் பார்க்க விட்டாளா மகள்? திருவிழாக் கடையில் வாங்கிய, ஒயரை டிவியில் செருகி விளையாடுகிற ஒரு பிளாஸ்டிக் பெட்டியோடு எந்நேரமும் அதன் முன்னால்தான் இருப்பாள். எனக்கோ செய்தியில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்தாக வேண்டும்.

"இருங்கப்பா, இந்த ஒரு உசிரு போனதும் தர்றேன்."

"என் உசிரு மேட்டூர்ல இருக்கு ஆயி. குடு இங்க."

அந்த டிவியில்தான் எங்கள் ஊரையே ஒருநாள் பார்த்தோம். வயலுக்கு நடுவே எரிவாயுக் குழாய் போக அளவுக்கல் நட்டார்கள் என்று ஊரே சாலையில் உட்கார்ந்திருந்தது. செய்தியில் என் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போலீஸ்காரரிடம் கை நீட்டிப் பேசுவது கண் இமைக்கிற நேரம் வந்து போனது. பிறகு டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்தார்கள். கல் போயிற்று. அதற்கு முன்னாலேயே ஒரு புயல் வந்து தென்னையெல்லாம் சாய்த்திருந்தது. ஓடு பறந்தது, கதவு பறந்தது, அந்தப் பெட்டி டிவி மட்டும் அசையவில்லை. அத்தனை கனம்.

புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் பிள்ளைகளோடு திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். மகள் தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, பட்டுக்கோட்டையில் ஒரு சென்டரில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொரோனாவில் அதை மூடிவிட்டார்கள். அப்போதுதான் இந்த வேலை வந்தது. கேம்களை வெளியே விடுவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறதென்று எழுதிக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே செய்து காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் இங்கிருந்தே தொடரலாம். இல்லையென்றால் சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார்ந்து பழகட்டும் என்றார்கள்.

"எனக்கு இங்கதான்பா இருக்கணும்" என்றாள் மகள். அவள் அம்மா முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். எனக்கும் அதே ஆசைதான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

என் அக்கா அடுத்த தெரு. செய்தி அவளுக்குப் போகாமல் இருக்குமா?

"ஏன்டா தம்பி, வெளையாடுறதுக்குச் சம்பளமா? அப்ப புளியமரத்தடியில தாயம் ஆடுறவனுக்கெல்லாம் பென்ஷனே குடுக்கணுமே!"

"அத்தே, நீங்க ஆட்டத்துல கள்ளாட்டம் ஆடுறீங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் சம்பளம்" என்றாள் மகள்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கம்பெனியே அனுப்பிவிட்டது. டிவி மட்டும் எங்கள் பொறுப்பு. ஜனங்கள் வீட்டில் டிவியில்தான் விளையாடுவார்கள், அதனால் டிவியிலேயே பார்க்க வேண்டும். அதிலேயே நாள் முழுக்க எழுதவும் வேண்டும். பெட்டி டிவிக்கு இந்த ஒயரெல்லாம் சேராது. ஆகவே மூன்று பேரும் பட்டுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

கடையில் நுழைந்ததும் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு டிவி. அதில் ஒரு கிளி. கிளியின் ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகத் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. அதில் ஆத்தாள் அபிஷேகத்தைப் பார்ப்பதாகவே எனக்குக் கற்பனை ஓடிவிட்டது. மகளோ கோடியில் இருந்த ஒரு சின்ன டிவி முன்னால் போய் நின்றாள்.

"பாப்பா, அது பெட்ரூமுக்கு வாங்குறது. கூடத்துக்கு இதான் லட்சணம். என்னண்ணே நான் சொல்றது?" என்றார் கடைக்காரர்.

"பெருசு பாக்க நல்லாத்தான் இருக்கு. என் வேலைக்கு ஒத்து வருமான்னுதான் தெரியலப்பா. இது படத்தைக் கொஞ்சம் லேட்டாக் காட்டும்னு நெட்டுல போட்டிருக்காங்க" என்றாள்.

டிவி என்ன பஸ்ஸா, லேட்டாக வர? எனக்கு விளங்கவில்லை. விளங்காத இடத்தில் என்ன செய்வேன் என்று எல்லோருக்கும் தெரியும். "ஆத்தாளைக் கேட்டுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை பூப்போட்டோம். பெரிய டிவி என் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். பூசாரியின் பேத்தி வெற்றிலையைப் பிரித்தாள். வெள்ளை.

மகள் வெள்ளைப் பூவைப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். விபூதியை இட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறம் போய், சென்னையில் இருக்கும் தோழிக்குப் போன் போட்டு, பெண்கள் ஹாஸ்டலில் இடம் இருக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். என் மனைவி காதில் அது விழுந்துவிட்டது.

சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"ஏங்க, சம்பாவுக்கு எந்த வெத போடலாம்னு ஒரு வருஷமாவது ஆத்தாகிட்டப் பூப்போட்டிருக்கீங்களா?"

"அது எதுக்குக் கேக்கணும்? என்ன மண்ணு, தண்ணி எதுவரைக்கும் வரும்னு நமக்கே தெரியுமே."

"தெரிஞ்சா கேக்க மாட்டீங்கல்ல. இதுவும் தெரிஞ்சவ நம்ம வீட்டுலதான உக்காந்திருக்கா. அவளை ஒரு வார்த்தை கேக்காம, ஆத்தாளைப் போயித் தொந்தரவு பண்ணியிருக்கீங்க."

தட்டை நகர்த்தி வைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு மகளிடம் போனேன்.

"அந்தப் பெருசுல என்னதான் கொறை ஆயி? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

அவள் முதலில் தயங்கினாள். பிறகு சொன்னாள். "நான் கையில பட்டனை அமுக்குறேன்ல, அமுக்குனதும் உள்ள இருக்கிற ஆளு குதிக்கணும். சில டிவி, படத்தை வாங்கி மெருகு போட்டு, கலரைக் கூட்டி, அப்புறந்தான் காட்டும். அதுக்குள்ள ஆளு குழியில விழுந்துடுவான். தப்பு கேமுல இருக்கா, டிவியில இருக்கான்னு எனக்கே தெரியாது. தப்பில்லாததைத் தப்புன்னு எழுதிக் குடுத்துடுவேன். அப்புறம் என்னைய எப்படி வச்சுக்குவாங்க?"

நான் யோசித்தேன். "மேட்டூர்ல தண்ணியத் தொறந்து பூத் தூவிடுறாங்க. டிவியில காட்டுறான். நம்ம வாய்க்கா மட்டும் காஞ்சு கெடக்கும். அந்த மாதிரியா?"

"அதேதாம்ப்பா!"

"நடுவுல மதகு ஜாஸ்தியோ?"

"ஆமா. ஒவ்வொரு மதகுலயும் தேக்கித் தேக்கி விடுது."

வாய்க்காலின் கடைசி முனையில் இருக்கிற கடைமடை விவசாயிக்கு இதற்கு மேல் பாடம் வேண்டாம். வர வேண்டியது வராமல் வரப்பில் நிற்கிறவன் வயிறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண் நாள் முழுக்க அப்படி உட்கார்ந்திருக்க வேண்டுமா?

மறுபடி கடைக்குப் போனோம். பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பையும் ஒரு ஒயரையும் மகள் பையில் வைத்திருந்தாள். ஒயரைப் பெரிய டிவியில் செருகினாள். லேப்டாப்பில் நொடியையும் துண்டு துண்டாக எண்ணி ஓடுகிற கடிகாரம் டிவியிலும் ஓடியது. இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி என்னை செல்போனில் போட்டோ எடுக்கச் சொன்னாள். வாய்க்கால் உடைத்துக்கொண்டால் தாலுகா ஆபீசில் காட்ட வயலில் நின்று போட்டோ எடுத்துப் பழகியவன் நான். கை ஆடவில்லை.

"அண்ணே, டிவி வாங்க வந்தீங்களா, அதுக்குப் பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு பாக்க வந்தா நாலு கேள்வி கேக்க மாட்டாங்களாண்ணே?" என்றாள் என் மனைவி.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். லேப்டாப்பில் இருந்த நேரத்துக்கு டிவியில் இருந்த நேரம் நன்றாகப் பின்தங்கி நின்றது. கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. ரிமோட்டை வாங்கி உள்ளே உள்ளே போய், கேமுக்கு என்று இருந்த ஒன்றைப் போட்டுவிட்டார். கிளியின் பளபளப்பு குறைந்தது. மறுபடி போட்டோ எடுத்தேன். இப்போது இரண்டு நேரமும் நெருங்கிவிட்டன. மதகையெல்லாம் தூக்கிவிட்டாற்போல.

"பாத்தீங்களா! மனுசன் மாதிரிதான், சொல்ற விதமா சொன்னா கேக்கும்" என்றார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆத்தாள் வாக்கு பொய்க்கவில்லையே.

அடுத்து மகள் லேப்டாப்பில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பொடி எழுத்தாக ஏதோ அடித்தாள். பெரிய டிவியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் கட்டியது. கடைக்காரர் அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தார். நிழல் போகவில்லை. சின்ன டிவியில் செருகினோம். கடிகாரம் ஒட்டியே ஓடியது. எழுத்து, கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த மாதிரி நின்றது.

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "பெருசே இருக்கட்டும்பா. கேமுக்கு இப்ப சரியாத்தான் இருக்கு. எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கிக்கிட்டா முடிஞ்சுது. ஆத்தா சொன்னதை எதுக்கு மாத்தணும்?"

எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். சொல்லும்போதே அந்த நிழல் எழுத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அம்மை போட்டிருந்தபோது இமையைத் திறக்கப் பார்த்த அதே சுருக்கம். வெள்ளிக் கண்மலரைச் சாத்திவிட்டு நான் நின்றது நினைவுக்கு வந்தது. இந்தக் கண்ணைத் திருப்பிக் கொடுத்தவளே, நாள் பூராவும் இதை வைத்து மங்கல் எழுத்தை உற்றுப் பார் என்று சொல்வாளா?

கடை நடுவிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். "தாயே, பூ நீ குடுத்தது. இது நான் எடுக்கிறது. கோவம்னா என்னோட போகட்டும். உன்னைய மீறணும்னு இல்ல. நீ குடுத்த கண்ணைக் காப்பாத்தணும்னுதான்."

"சின்னதையே எடுங்க" என்றேன்.

"அப்பா..."

"வெதையைத் தேர்ந்தெடுத்தாச்சு ஆயி. வா."

மினி வேனில் வந்து இறங்கியது. நான் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு போனேன். "அய்யோ அப்பா, ஸ்கிரீன்ல வச்சுடாதீங்க!" என்று கத்தினாள். முதுகுப் பக்கம் வைத்துச் சூடம் காட்டினோம். முதுகில் பொட்டு வைத்துக்கொண்ட டிவி எங்கள் வீட்டில்தான் இருக்கும். அக்கா வந்து பார்த்தாள். "பெருசு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஜன்னல் கதவு மாதிரி ஒண்ணைத் தூக்கிட்டு வந்திருக்க" என்றாள். ஆனாலும் போகவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தா, அந்தா, வுழுறான் பாரு!" என்று பொழுது சாயும்வரை பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சுவருக்குள் நடந்து போகிற ஆள், தண்ணீரில் நனையாத படகு என்று கேமில் இருந்த என்னென்னவோ தப்புகளை மகள் எழுதி அனுப்பினாள். ஒரு நாள் நான் வாய்க்காலில் நின்றபோது அவளே வரப்பில் ஓடி வந்தாள். வயலுக்கு வந்து எத்தனையோ காலமாகிவிட்ட பெண், செருப்பில்லாமல் வந்தாள்.

"அப்பா, வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க! இங்க இருந்தே பாக்கலாமாம்!"

அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீரும் எங்கள் மடைக்கு வந்து கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதிலேயே இறங்கி நின்றாள். நான் அங்கிருந்தே கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன். "பூ வெள்ளையாத்தான வந்துச்சு? அதை நாம தட்டிட்டோமோ?"

"எங்க தட்டினோம்? பெருசு வரலாமான்னு கேட்டீங்க, ஆத்தா வரலாம்னுட்டா. இன்னைக்கேன்னு சொன்னாளா? மேட்டூர்ல தொறந்தாச்சு, வர்றப்ப வரும்."

காத்திருக்க எங்களுக்குத் தெரியாதா? கூடத்துச் சுவரில் அந்தக் கிளி டிவியின் அகலத்துக்கு இடத்தை விட்டுவிட்டு, காலண்டரை ஓரமாகத்தான் மாட்டியிருக்கிறாள் என் மனைவி.