தகவல் இல்லாதவரின் படம்

யுத்தம் முடிந்த மறுவருஷம், பம்பாய் மாதுங்காவில் நான் குமாஸ்தாவாக இருந்த காலேஜில், பட்டாளத்துக்குப் போன தமிழர்களுக்கு ஒரு மரியாதைக் கூட்டம் வைத்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு மேடையில் நாற்காலி. திரும்பாதவர்களின் படங்களுக்கு மேடைக்குக் கீழே ஒரு பெஞ்சு, மாலை, குத்துவிளக்கு. ஆபீஸில் தாராவியில் குடியிருந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அங்கே வீடு வீடாகப் போய் படங்கள் வாங்கி வரும் வேலை என்னிடம் வந்தது. நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன் நான். ஆனாலும் மறுத்துச் சொல்லத் தெரியவில்லை.

இறந்த நான்கு பேரின் படங்கள் கிடைத்தன. ஐந்தாவது வீடு எங்கள் சந்திலேயே இருந்தது. அந்த வீட்டு மகன் பர்மாப் பக்கம் போனவன். காணவில்லை என்று பட்டாளத்திலிருந்து ஒரு கடிதம் வந்ததோடு சரி. இறந்தான் என்று யாரும் சொல்லவில்லை. அவன் மனைவி பூவும் பொட்டுமாகவே இருந்தாள். "சீவிச் சிங்காரிச்சு எவனுக்குட்டி காட்டப் போற?" என்று மாமியார் சந்துக்கே கேட்கும்படி கேட்பாள்.

நான் கேட்டதும் அந்தப் பெண் படத்தைத் தந்துவிடவில்லை.

"செத்தவுக படத்தோட வைக்க மாட்டியள்லா, அண்ணாச்சி?"

"இல்லம்மா. தனியாத்தான் இருக்கும்."

"மாலை?"

"மாலையும் கெடையாது. நான் பாத்துக்கிடுதேன்."

சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தாள்.

கூட்டப் பொறுப்பு கணக்குப் புரொபஸருக்கு. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்ன ஓய், ஓரமா ஒரு ஸ்டூல்ல வையும். விளக்கு, மாலை ஒண்ணும் வேண்டாம்" என்றார். "மாலையெல்லாம் நீரே தாதர்ல வாங்கிண்டு வந்துடும். எனக்கும் ஒண்ணு வாங்கும். நானும் ஆத்துல தினம் யுத்தத்துக்குப் போறவன்தான்."

ஒரு அட்டையில் 'தகவல் இல்லை' என்று எழுதி, ஸ்டூலில் வைத்த படத்தின் அடியில் சாய்த்தேன்.

கூட்டத்தன்று காலையில் தாதருக்குப் போனேன். ரயில் நெரிசலில் ஒன்று அறுந்துவிட்டால் என்ன செய்வது என்று, நான்கு படங்களுக்கு ஐந்து செவ்வந்தி மாலைகள் வாங்கினேன். ஒன்றும் அறுந்து போகவில்லை.

சாயங்காலம் ஹால் நிறைந்துவிட்டது. எங்கள் சந்திலிருந்தே நிறையப் பேர் வந்திருந்தார்கள். தலைமை வகித்தவர் பேச ஆரம்பித்தபோது நான் பின்வாசலில் தண்ணீர்ப் பானையருகே நின்றேன். முன்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். ஒரு படம் மட்டும் வெறுமனே இருப்பதையும் தட்டில் ஒரு மாலை மிஞ்சிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறான். பம்பாயிலேயே வளர்ந்தவன், தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. படத்தை ஸ்டூலிலிருந்து எடுத்துப் பெஞ்சில் ஐந்தாவதாக வைத்தான். மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

எனக்கும் படத்துக்கும் நடுவே முப்பது தப்படி இருக்கும். அத்தனை பேர் பார்க்க எப்படி நடந்து போவது? பேச்சு முடியட்டும், எடுத்துவிடலாம் என்று நின்றேன். பேச்சு முடியவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, அந்தப் பெண்ணும் மாமியாரும் தாமதமாக உள்ளே வந்தார்கள்.

மாலை போட்ட படத்தைப் பார்த்தும் அவள் அலறவில்லை. என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டாள்.

"தந்தி எப்ப வந்துச்சு, அண்ணாச்சி?"

"தந்தி ஒண்ணும் வரலம்மா. ஒருத்தன் தெரியாம போட்டுட்டான்" என்றேன். அதற்குள் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்துவிட்டாள். சந்துப் பெண்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். இறந்தவனின் தாய் என்று எண்ணி, மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகுதான் நான் போய் மாலையை எடுத்தேன்.

மறுநாள் புரொபஸரையே வீட்டுக்கு அழைத்துப் போனேன். கைகூப்பி, தவறு நடந்துவிட்டது என்றார். மாமியார் ஏற்கவில்லை. "படிச்சவுக அத்தன பேரு இருக்கிற எடத்துல தப்பா மாலை போடுவாவளா? எங்ககிட்ட சொல்ல மனசில்லாம மறைக்கிய" என்று அழுதாள். அத்தனை ஏச்சுப் பேசியவளும் அதுவரை மகனுக்காகக் காத்துத்தான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பதினாறாம் நாள் காரியம் செய்து, அந்தப் பெண்ணின் தாலியை இறக்கினார்கள். அன்று நான் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய்விட்டேன்.

இத்தனை வருஷத்தில் அவனைப் பற்றி எந்தத் தகவலும் வரவில்லை.

காரியம் முடிந்து சில மாதம் கழித்து ஒருநாள் அவள் குழாயடியில் தனியாக நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. "இப்பவும் சொல்லுதேன், அது தப்பா போட்ட மாலதாம்மா" என்றேன்.

அவள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "நீங்க பொய் சொல்லுத ஆளில்ல, அண்ணாச்சி. எனக்காகத்தான் இப்படிச் சொல்லுதிய. தப்புன்னா அப்பவே ஓடிப் போயி எடுத்திருப்பியள்லா?"

கூச்சத்தால் நின்றுவிட்டேன் என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.