பந்து வந்து சேருமுன்

உருகுவே நாட்டின் மேற்கு எல்லையில், அர்ஜென்டினாவுக்கு எதிர்க்கரையில் ஓர் ஆற்றங்கரை ஊர் இருக்கிறது. அந்த ஊரில் பிறந்த ஒரு கால்பந்து விங்கரின், அதாவது ஓர ஆட்டக்காரனின், ஆட்ட வாழ்க்கையை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை தமிழில் எழுதி வைப்பது என்று நானும் என் நண்பரும் முடிவு செய்தபோது எங்களுக்கு நாற்பது வயது ஆகியிருக்கவில்லை. அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது.

உலகமறிந்த பெயர் இல்லை அவனுடையது. இங்கே ஒருவருக்கும் அவனைத் தெரியாது. இருபது வயதுக்கு உட்பட்டோர் போட்டி ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது ஓரத்தில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் குதிகாலை வைத்துக்கொண்டு ஒரு பையன் நின்றான். பாதி ஆட்டம் வரை யாரும் அவனுக்குப் பந்து தரவில்லை. அவன் கையைத் தூக்கிக் கேட்கவும் இல்லை, இடம் மாறவும் இல்லை. “இந்தப் பய பொறுமையப் பாரும் வே” என்றார் நண்பர். அன்றிலிருந்து எங்களுக்கு அவன் ‘பய’.

நான் பாளையங்கோட்டையில் நீதிமன்றப் பதிவறையில் வேலை பார்த்தேன். எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கண் முதலில் தேதிக்குத்தான் போகும். நண்பர் நெல்லை டவுனில் வங்கி அதிகாரி. கல்லூரி அணிக்காக இடது ஓரத்தில் ஆடியவர். நான் வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டதில்லை. ஆகவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். எந்தக் கிளப்பில் எப்போது சேர்ந்தான், எந்த ஆட்டத்தில் எத்தனையாவது நிமிடம் இறங்கினான் என்பதெல்லாம் என் பொறுப்பு. எப்படி ஆடினான் என்பது அவர் பொறுப்பு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். பய ஓய்வு பெறும் நாளில் புத்தகத்தை முடித்து இரண்டு பேர் பெயரையும் போட்டு அச்சிடுவது என்று பேச்சு.

அவன் ஆடிய ஆட்டங்களை இங்கே எந்தச் சேனலும் காட்டாது. முழு ஆட்டத்தையும் யாராவது இணையத்தில் ஏற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டில் உட்கார்ந்து பார்ப்போம். அதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம். பார்த்து முடிக்கும் வரை முடிவைத் தெரிந்துகொள்ளக் கூடாது. நண்பர்தான் இதைச் சொன்னார். “முடிவு தெரிஞ்சு பாத்தா அது ஆட்டம் இல்ல வே, பாடம்” என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. நடந்துகொண்டிருக்கும்போது மனசில் பட்டதை எழுதினால்தான் அது வரலாறு.

நான் அதை விரதம் மாதிரி காத்தேன். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை என் மனைவி காலையிலேயே உருவி எடுத்து வைத்துவிடுவாள், திங்கட்கிழமைதான் கையில் தருவாள். கைபேசியில் விளையாட்டுச் செய்தி எதுவும் வராதபடி செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் நெல்லை சந்திப்பிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போது பின்சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஐரோப்பிய ஆட்டங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் வண்ணார்பேட்டையிலேயே இறங்கி வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். அவர்கள் பயலைப் பற்றிப் பேசியிருக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இறங்கினேன்.

பய தன் நாட்டுத் தலைநகரக் கிளப் ஒன்றில் மூன்று பருவம் ஆடினான். பிறகு போர்ச்சுகலுக்குப் போனான். முதல் குளிர்காலத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க வெளியே உட்கார்ந்தான். நாங்கள் அந்த ஞாயிறுகளிலும் உட்கார்ந்தோம், அவன் இல்லாத அணியின் ஆட்டத்தைப் பார்த்தோம். திரும்பி வந்தவனை ஸ்பெயினில் இரண்டாம் நிலை அணி ஒன்றுக்கு இரவல் கொடுத்தார்கள். அங்கே அவனுக்கு ஒரு பயிற்சியாளர் வாய்த்தார், அவர்தான் அவனை ஓரத்திலிருந்து கோலை நோக்கி உள்ளே வெட்டி வரப் பழக்கினார். அதன் பிறகு துருக்கி. துருக்கியில் ஆடிய இரண்டு பருவங்கள்தான் அவனுடைய உச்சம். அங்கிருந்துதான் தேசிய அணிக்கு அழைத்தார்கள்.

தேசிய அணிக்காக ஒரு தென்னமெரிக்கப் போட்டியில், காலிறுதியில், ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டி அடிக்கும் முறை வந்தபோது கடைசி ஆளாக அவன் நடந்து போனான். பந்தை வைத்துவிட்டுப் பின்னால் போனபோது நண்பர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. நண்பர் அன்று காபி குடிக்காமல் எழுந்து போனார். தெரு முனையில் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் நண்பரின் கண் கூர்மையானது என்று நான் நம்பினேன். “இப்ப உள்ள வெட்டுவான் பாரும்” என்பார், வெட்டுவான். “கோல்கீப்பர் சரியா நிக்கல வே, இன்னிக்கு ஒண்ணு விழும்” என்பார், விழும். “மெதுவா ஆடுதான்னு நெனைக்காதேயும், கடசி பத்து நிமிசத்துக்கு மூச்சைச் சேத்து வைக்கான்” என்பார், கடைசி பத்து நிமிடத்தில் அவன் பறப்பான். துருக்கியில் ஒரு கோப்பை ஆட்டத்தில் வலது கால்காரனான பய இடது காலால் கோலுக்கு முன்னால் கிராஸ் தூக்கிப் போடப் போகிறான் என்று, பந்து அவன் காலுக்கு வந்து சேருமுன்பே சொன்னார். எனக்குப் புல்லரித்தது. அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதிய அத்தியாயத்துக்கு அந்த வாக்கியத்தைத்தான் தலைப்பாக வைத்தேன்.

இதையெல்லாம் நான் ஊரெல்லாம் சொன்னேன். ஊர் மைதானத்துக்கு எதிரே டீக்கடையில் மாலை நேரம் கூடுகிற பையன்கள் நண்பரை வளைத்துக்கொள்வார்கள். “அண்ணாச்சி, நம்ம பசங்க ஆட்டத்தையும் ஒரு வாட்டி வந்து பாருங்க, எங்கன தப்பு பண்ணுதோம்னு சொல்லுங்க” என்பார்கள். நண்பரும் போய்ச் சொல்வார். ஒரு கல்லூரி விளையாட்டு விழாவுக்கு அவரைப் பேச அழைத்தார்கள். மேடையில் அவரை அறிமுகம் செய்து வைத்தவன் நான். ஆட்டத்தை முன்கூட்டியே வாசிக்கத் தெரிந்தவர் என்று சொன்னேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை. தலையைக் குனிந்து சிரித்தார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

துருக்கிக்குப் பிறகு மெக்சிகோ. அங்கே சம்பளம் அதிகம், ஆட்டம் குறைவு. கடைசியில் பய தன் பழைய தலைநகரக் கிளப்புக்கே திரும்பினான். எங்கள் புத்தகத்துக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்று நான் நினைத்தேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. விடியற்காலையிலிருந்து மழை. நண்பர் நனைந்துகொண்டு வந்தவர் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னார்: “இன்னிக்கு வேண்டாம் வே. மணிமுத்தாறு அருவில தண்ணி நல்லா விழுதாம். போய்ட்டு வருவோமா?”

“மழையிலயா? ஆட்டம் வந்துட்டு வே, நேத்தே ஏத்திட்டாங்க. உக்காரும்.”

உட்கார்ந்தார். அன்று அவர் எதையும் சொல்லவில்லை. நான் இரண்டு மூன்று தரம் கேட்டேன், “என்ன வே வாயே தெறக்கல?” என்று. “தலவலி” என்றார். இரண்டாம் பாதியில் பந்து இன்னும் மைதானத்தின் மறு ஓரத்தில் கிடந்தது. பய திரையின் ஓரத்தில் சின்ன உருவமாக நின்றுகொண்டிருந்தான். அப்போது நண்பர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

நான் திரையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். பிறகு திரையைப் பார்த்தேன். பந்து பறந்து வந்தது. பய அதை நெஞ்சில் வாங்கி இறக்கினான். எதிரணி டிஃபெண்டர் இரண்டு காலையும் நீட்டிச் சறுக்கி வந்தான். பயலுடைய முழங்கால் போகக்கூடாத பக்கம் போனது. அதே முழங்கால்தான்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. நான் படத்தை நிறுத்தினேன்.

“ஒமக்குத் தெரியும்” என்றேன்.

நண்பர் கண்ணைத் திறக்கவில்லை.

“எப்பருந்து வே?”

“அந்தப் பெனால்டிக்குப் பொறவு” என்றார். “அன்னிக்கு எனக்கு நெஞ்சு அடச்சுப்போச்சு. தெரியாம உக்காந்து பாக்க என்னால முடியல. மொதல்ல ஜெயிச்சானா தோத்தானான்னு மட்டும் பாத்தேன். பொறவு…”

“பொறவு முழு ஆட்டத்தையும் பாத்துட்டு வந்தீரு.”

“ஆமா.”

“இடது காலால போடுவான்னு சொன்னீரே.”

“முந்தின நாளே பாத்துட்டேன் வே.”

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னா நீரு வேண்டாம்னுருவீரு. எனக்கு ஞாயித்துக்கெழம வேணும்” என்றார். “நான் சொல்லும்போது நீரு என்னையப் பாப்பீரு பாரும். வேற யாரு என்னய அப்படிப் பாத்தா?”

எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. இப்போதும் முழுதாக வரவில்லை. மழை விடும் வரை கூட இருக்காமல் அவர் கிளம்பினார். நானும் இரும் என்று சொல்லவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட ஆசிரியை, வகுப்பில் காப்பி அடிக்கிறவனைக் கண்ணாலேயே பிடிப்பவள். அவள் ஆச்சரியப்படவில்லை. “கோல் விழுததுக்கு முன்னால டம்ளரைக் கீழ வச்சிருவாருல்லா. கொட்டிரக் கூடாதுன்னு. நான் எத்தன தரம் பாத்திருக்கேன்.”

“தெரிஞ்சும் ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“நீங்க ரெண்டு பேருமே பாத்துட்டுத்தான் தெரியாத மாதிரி உக்காந்திருக்கியன்னு நெனச்சேன். வெளையாட்டுக்கு” என்றாள். “தெரியாமலேயா இவ்வளவு வருசம் அந்தப் பேப்பரை ஒளிச்சு வைக்கச் சொன்னிய?”

வண்ணார்பேட்டையில் இறங்கி நடந்த வெயில்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு நான் செய்தது என் குணத்துக்கு ஏற்ற காரியம். பயலின் ஆட்ட வாழ்க்கையைப் பெனால்டிக்கு முன், பெனால்டிக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு நாங்கள் எழுதியதை மறுபடி படித்தேன். முன்பகுதியில் நண்பர் “உள்ள வெட்டலாம், இல்லன்னா ஓரமாவே போகலாம்” என்று பேசுகிறார். பின்பகுதியில் ‘லாம்’ என்ற பேச்சே இல்லை. எல்லாம் ‘வான்’. எதையும் வருஷ வரிசையில் அடுக்கிப் பார்க்கிறவன் என்று பெயர் வாங்கிய எனக்கு இது இத்தனை நாள் கண்ணில் படவில்லை.

புத்தகத்தில் பாதிக்கு மேல் அந்தப் பின்பகுதிதான். அவர் சொன்னதை எடுத்துவிட்டால் கிளப் பெயர்களும் நிமிடங்களும்தான் மிஞ்சும், அதை யார் படிப்பார்கள்? எடுக்காமல் விட்டால் பொய்யை அச்சடித்ததாகும். இரண்டுக்கும் துணிவில்லாமல் எழுதிய காகிதங்களைக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டேன். டீக்கடைப் பக்கம் போவதை நிறுத்தினேன். ஏரலில் ஒரு கல்யாண வீட்டில் நண்பரைப் பார்த்தேன். இருவரும் வெவ்வேறு பந்தியில் சாப்பிட்டோம்.

பய ஆட்டத்தைவிட்டுப் போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவனைப் பற்றிச் செய்தி இல்லை. ஒரு நாள் நண்பரிடமிருந்து கைபேசியில் தகவல் வந்தது. பய பிறந்த ஊரின் சின்ன அணியில் சேர்ந்திருக்கிறான், இந்த வாரம் ஆடுகிறான், ஒரே ஆட்டம், அதோடு ஓய்வு. கீழே ஒரு வரி: ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு, வாரும் என்று எழுதினேன். புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை அவர் இல்லாமல் எழுத எனக்குத் தெரியாது. காரணம் அவ்வளவுதான்.

வந்தார். தலை நரைத்திருந்தது. “இந்தத் தடவ பாக்கல வே. சத்தியமாப் பாக்கல” என்றார். அதை நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் என்னிடம் ஒரு வழியும் இல்லை.

ஒற்றைக் கேமராவில் யாரோ எடுத்த படம். மைதானத்தைச் சுற்றி வேலிகூட இல்லை, ஒரு நாய் நடுவே ஓடியது. பய இடது ஓரத்தில் நின்றான். உடம்பு பருத்திருந்தது. நண்பர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். “இப்ப உள்ள வெட்டுவான்” என்றார். பய பந்தைப் பின்னால் தட்டிவிட்டான். “அடுத்த தரம் பாரும், ஓடுவான்.” ஓடவில்லை. “இந்த டிஃபெண்டர் தளந்துட்டான், இன்னிக்கு ஒண்ணு விழும்” என்றார். எதிரணி ஒன்று போட்டது. “கிராஸ் போடுதான் பாரும்…” பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது.

அவர் உண்மையிலேயே பார்த்துவிட்டு வரவில்லை என்பது எனக்கு நிச்சயமானது. பந்தைக் காலால் தொடாத நான் என்ன ஊகிப்பேனோ அதையேதான் அவரும் ஊகித்துக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கியது. இடைவேளைக்குப் பிறகு அவர் பேசவில்லை. இதைவிட அவர் முந்தின நாளே பார்த்துவிட்டு வந்திருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக அவர்மேல்தான் மறுபடியும் கோபம் வந்தது.

ஆட்டம் முடியும் முன்பே பயலை வெளியே அழைத்தார்கள். கை தட்டினார்கள். அவன் நடந்து போய் சப்ஸ்டிட்யூட்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்து காலணியை அவிழ்த்தான். அத்துடன் அவனுடைய ஆட்ட வாழ்க்கை முடிந்தது.

நண்பர் வாசலில் நின்று கேட்டார்: “இன்னிக்கு நான் சொன்னதையும் எழுதுவீரா வே?”

“எழுதுவேன். ஒண்ணு விடாம.”

“எல்லாம் தப்பால்லா போச்சு.”

“அப்படியேதான் எழுதுவேன்.”

அவர் தலையாட்டினார். அன்று மத்தியானமே உட்கார்ந்து எழுதினேன். அவர் என்ன சொன்னார், பய என்ன செய்தான், எத்தனையாவது நிமிடம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். அந்த அத்தியாயத்தை மட்டும் எங்கள் இருவர் பெயரிலும் அச்சுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன்.