ஞாயிற்றுக்கிழமை எடுத்த ரீடிங்

ஒரு வீட்டில் நான் எடுத்த ரீடிங் ஒவ்வொன்றும் சரி. அப்படியென்றால் அந்த ரிப்போர்ட் பொய்யா, இல்லையா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்தவள். மகனுக்கு ஒன்றரை வயதானபோது கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறிய டெஸ்டிங் கம்பெனியில் சேர்ந்தேன். ஆலைகளின் எர்த் இணைப்பு சரியா என்று டெஸ்ட் எடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. வீடுகளில் மின்காந்தப் புலம் அளந்து தருவதைப் புதிதாகத் தொடங்கி, அதை என்னிடம் கொடுத்தார்கள். மீட்டர் விற்றவர் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்து ஒரு சர்டிபிகேட்டும் தந்தார். மூன்றாம் நாள் என் பெயருக்குக் கீழே ‘தகுதி பெற்ற அளவீட்டாளர்’ என்று சீல் தயாராக இருந்தது.

“சார், இது மீட்டர் பிடிக்கத் தெரியும்னு குடுத்த பேப்பர்தானே?” என்றேன்.

“ஏம்மா, உன்னை விட்டா இங்க யாருக்குத் தெரியும்? அப்போ நீதான் தகுதி” என்று முதலாளி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

1. ஞாயிறு

ஸ்டெல்லா ஏழு மாதக் கர்ப்பிணி. வரிசையாக ஆறு போர்ஷன் உள்ள கட்டடத்தில் குடியிருந்தாள். பின்சுவரை ஒட்டி, பக்கத்து இரும்பு ரோலிங் மில்லுக்குப் போகும் ஹெச்.டி. லைன், அதாவது உயர் அழுத்த மின்கம்பி. அவள் கணவர் ஜான்சனுக்கு அந்த மில்லில்தான் வேலை. அவருக்கு லீவு என்பதால் ஞாயிறு காலை வரச் சொன்னார்கள்.

நான்கு மூலையிலும் கட்டில் உயரத்திலும் அளந்தேன். எண் எல்லா இடத்திலும் குறைவு.

“போன தபா கலைஞ்சிடுச்சு மேடம். இந்தக் கம்பிதான் காரணம்னு எங்க நாத்தனார் சொல்லிக்கினே கீது. உங்க மிஷினு இன்னா சொல்லுது?” என்றாள் ஸ்டெல்லா.

“கம்மியாத்தாம்மா இருக்கு.”

“அப்போ அந்தச் செவுத்தோரம் தூளி கட்டலாமா?”

“கட்டலாம்.”

“இன்னியோட என் தங்கச்சி வாய் மூடும்” என்றார் ஜான்சன்.

2. வியாழன்

நான்கு மாதம் கழித்து, அடுத்த தெருவில் இன்னொரு வீடு. அதே லைன். மீட்டர் ஸ்டெல்லா வீட்டைவிடப் பல மடங்கு காட்டியது. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், வெளியே போய் கம்பிக்குக் கீழே நின்று பார்த்தேன். குறையவில்லை. அப்போதுதான் மில்லின் சத்தம் காதில் உறைத்தது. ஞாயிறன்று அந்தச் சத்தம் இல்லை. கம்பியில் ஓடும் கரண்டைப் பொறுத்ததுதான் காந்தப் புலம். மில் நின்றால் கரண்டும் குறையும். முதல் வருடப் பாடம் இது. ரிப்போர்ட்டில் தேதி, நேரம் எழுதினேன். லோடு, அதாவது அப்போது லைனில் எவ்வளவு கரண்ட் ஓடியது என்று எழுதக் கட்டமே இல்லை. நானும் கேட்கவில்லை.

புதிய எண்ணும் ரிப்போர்ட்டில் நாங்கள் ஒப்பிடும் சர்வதேசப் பாதுகாப்பு வரம்புக்குள்தான். ஆனால் பச்சைக் குழந்தை வருடக்கணக்கில் அங்கே தூங்கலாம் என்று அதற்கு அர்த்தமா? நானும் படித்துப் படித்துப் பார்த்தேன், ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பதில்.

முதலாளியிடம் சொன்னேன். “டேட், டைம் போட்டிருக்குல்ல? அன்னிக்கு அளந்தது அன்னிக்குச் சரி. நீயா போய் பேஜாரு பண்ணிக்காத.”

சனிக்கிழமை நானாகவே ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதக் குழந்தை அந்தச் சுவரோரத் தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்ததும் ஸ்டெல்லா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே மேடம். ‘கட்டலாம்’னு எதுக்குச் சொன்ன?”

“அந்தப் பேப்பரைக் குடும்மா” என்று கை நீட்டினேன்.

“ஊட்டு ஓனரு உன் பேப்பரை ஜெராக்ஸ் போட்டு வெச்சிக்கினு வாடகைக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டறாரு. நாலு ஊட்டுக்கு ஆளு வந்தாச்சு. ரெண்டு ஊட்ல கைக்கொழந்தை. அவங்களுக்கு யாரு சொல்றது?”

இப்போதெல்லாம் மீட்டரை வெளியே எடுக்கும் முன் லைனில் லோடு இருக்கிறதா என்று கேட்கிறேன். வேலை நாள், லீவு நாள் இரண்டிலும் அளக்கிறேன். எண்ணைச் சொல்கிறேன், ‘கட்டலாம்’ என்று சொல்வதில்லை. ஆனால் அந்தப் பழைய ரிப்போர்ட்டை வாபஸ் வாங்க கம்பெனி லெட்டர்ஹெட் வேண்டும். முதலாளி தரமாட்டேன் என்கிறார். என் சொந்தப் பெயரில் எழுதிக் கொடுத்தால் வேலை போகும். அது செல்லுமா என்பதும் தெரியவில்லை.

இந்தத் துறையில் அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்: தவறான நாளில் எடுத்த ரிப்போர்ட்டை ஒரு ஊழியர் எப்படித் திரும்பப் பெறுவது? அதுவரை அந்த இரண்டு தாய்மாரிடம் நான் என்ன சொல்லட்டும்?