பொருந்தாத கண்

குழந்தை நிமிர்ந்து உட்காரத் தொடங்கியதும் ஸ்டுடியோவுக்குத் தூக்கிப் போய்ப் படம் எடுப்பது, அப்போது எங்கள் பக்கத்தில் தடுப்பூசியைவிடக் கட்டாயமாக இருந்தது. ஊசிக்குப் போகாதவர்கள் உண்டு. படத்துக்குப் போகாதவர்கள் இல்லை. சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டு, கன்னத்தில் பெரிதாக மை வைத்து, அழ அழ ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். கும்மிடிப்பூண்டி கடைத்தெரு ஸ்டுடியோவில் என் தம்பியையும் அப்படித்தான் உட்கார வைத்தோம். எனக்கு ஏழு வயது. கிலுகிலுப்பை ஆட்டுவது என் பொறுப்பு.

படம் நன்றாக வந்தது. உறையில் போட்டுக் கொடுக்கும்போது ஸ்டுடியோக்காரர் பெருமையாகச் சொன்னார்: "பிளாஷ் பட்டு ஒரு கண்ணு வெள்ளையா உழுந்துட்சும்மா. நானே டச் பண்ணி கறுப்பு வெச்சிட்டேன். பாத்தா தெரியாது."

பார்த்தால் தெரியவில்லைதான். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் அம்மைத் தழும்பை அழிப்பார்கள், பல் இடைவெளியை அடைப்பார்கள், கல்யாணத் தரகர் கைக்குப் போகும் படமானால் நிறத்தையே இரண்டு படி ஏற்றுவார்கள். பச்சைக் குழந்தையின் கண்ணில் ஒரு புள்ளி மை வைப்பது அவர் தொழிலில் ஒரு மரியாதை. அம்மாவும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். படம் சுவரில் ஏறியது.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, லாரி ஓட்டினார். ஆந்திர எல்லையில், எளாவூர் செக்போஸ்ட்டில் வண்டிகள் வரிசையில் நிற்கும் நாட்களில், கிளீனரைக் காவலுக்கு விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவார். ஒருநாள் அப்படி வந்தபோது, விளக்கு வைக்கிற நேரம், மின்சாரம் போயிருந்தது. மாமா டார்ச் அடித்துத் தம்பிக்கு விளையாட்டுக் காட்டினார். தம்பியின் இடது கண்ணுக்குள் ஏதோ வெள்ளையாக மின்னியது.

"க்கா, இங்க பாரேன். பூன கண்ணு மாரி மின்னுது. ராசிக்காரன்க்கா உம் புள்ள. இவன முன்னாடி குந்த வெச்சிகினா வண்டிக்கி லைட்டே வாணாம்."

நைனா சிரித்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அதுவரை அடுத்தவர் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர், தொழிற்பேட்டையில் புதிதாக எழும்பிய இரும்பு ஆலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். எதைக் கேட்டாலும் சிரிக்கிற காலம் அது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து பார்த்தார்கள். டார்ச்சை என் கையில் கொடுத்தார் மாமா. அந்தக் கண்ணை மின்ன வைத்து மற்றவர்களுக்குக் காட்டியதில் எனக்கிருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சுவரிலிருந்த படத்தைக் கழற்றி வந்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எந்த கண்ணுல மை வெச்சான் அந்த ஆளு?"

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மனிதர் அவ்வளவு நன்றாக வைத்திருந்தார்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனாள். மை வைக்காமல் ஒரு படம் வேண்டும் என்று கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாத்துக்கும்மா? அது நல்லா இருக்காதே. யாரு எடுத்ததுன்னு கேட்டா என் பேர்தான கெடும்?"

"நல்லா இல்லாததுதான் வேணும். குடு."

அந்தப் படத்தில் வலது கண் கறுப்பாக இருந்தது. இடது கண்ணின் நடுவில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் ஒரு வெள்ளை. டார்ச்சில் மின்னிய அதே கண். அம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு நைனாவோடு மதராஸுக்கு ரயில் ஏறினாள்.

நான் சுகாதாரத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இதற்கெல்லாம் நடைமுறை இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும், மாறுகண் இருந்தாலும், நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். விழித்திரையில் வரும் புற்றுநோயாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. கண்ணைத் தாண்டுவதற்குள் பிடித்துவிட்டால் உயிர் தப்பும். இப்போது பல நேரங்களில் கண்ணையே காப்பாற்றிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட சுற்றறிக்கைகளை நானே கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்பியிருக்கிறேன். கீழே என்பது எந்த இடத்தில் முடிகிறது என்று நானும் கேட்டதில்லை, யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. அம்மாவிடம் இருந்தது ஒரு கெட்டுப்போன படம்.

பால் குடிக்கிற பிள்ளைக்குப் புற்றுநோய் எப்படி வரும் என்று மதராஸ் ஆஸ்பத்திரியில் நைனா கேட்டாராம். யார் செய்த தப்பும் இல்லை, சில குழந்தைகளுக்கு இப்படி வந்துவிடுகிறது, கண்ணை எடுத்தால் பிள்ளை பிழைக்கும் என்றாராம் மருத்துவர். நைனா வீட்டுக்கு வந்து, கண்ணைப் பிடுங்கச் சம்மதிக்க மாட்டேன், பச்சிலை போடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள்.

"கண்ணு வேணுமா, புள்ள வேணுமா? ஒண்ணு சொல்லு."

நைனா சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ராசிக் கண் என்று சொன்ன மாமாதான் அவர்களை ரயிலேற்ற வந்தார்; நானும் ஸ்டேஷன் வரை போயிருந்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "உடுக்கா. வடக்கேந்து ஒத்த லைட்டுல எத்தினி வண்டி வருது, செக்போஸ்ட்டுல டெய்லி பாத்துகினுதான கீறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரொம்ப பேஜாருன்னா, பக்கத்துல நிக்கிற வண்டிலேந்து கழட்டி மாட்டிக்குவோம். இன்னா பாப்பா?"

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. யோசித்தேன்.

தம்பியின் கண்ணை எடுத்தார்கள். நோய் கண்ணைத் தாண்டவில்லை என்று பிறகு தெரிந்தது. அவனுக்கு இப்போது பேத்தி இருக்கிறாள். அவள் பிறந்ததும் கண்ணைப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று நான் கொடுத்த தொல்லையில், என் ஓய்வு அரசுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அவன் சொன்னான். ஆனால் அன்று கதை அத்துடன் முடியவில்லை. இந்த நோய் சில குடும்பங்களில் கூடப் பிறந்தவர்களுக்கும் வரும். பெற்றவர்கள் இருவரின் கண்களையும் பார்த்துவிட்டு, மூத்த பெண்ணையும் கொண்டு வரச் சொன்னார் மருத்துவர்.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அம்மாவுடைய கண்ணைப் பார்த்தார்கள், பெரியது. நைனாவுடையதைப் பார்த்தார்கள், அது இன்னும் பெரியது. தம்பியின் முகத்தில் கட்டுப் போட்ட இடம் காலியாக இருக்கிறது. பக்கத்தில் நிற்கிற வண்டி நான்தான்.

கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். எரிந்தது; ஜன்னலெல்லாம் கரைந்து ஒழுகியது. அம்மா என் கையை நசுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடிவிடாமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். ஓட எனக்கு எண்ணமில்லை. ஒரே ஒரு வேண்டுகோள் இருந்தது. விளக்கோடு குனிந்த மருத்துவரிடம் சொன்னேன்.

"சோத்தாங்கை பக்கத்து கண்ண உட்டுடுங்க. எழுதணும்."

"எதையும் விடக் கூடாதும்மா," என்றார் அவர் அன்பாக. "ரெண்டையும்தான் பாக்கணும்."

இரண்டுமா! ஆனாலும் அசையாமல் இருந்தேன். தம்பி ரொம்பச் சின்னவன்.

அவர் நிமிர்ந்து விளக்கை அணைத்தார். "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு கண்ணும் சுத்தமா இருக்கு. கூட்டிக்கிட்டுப் போங்க."

வெளியே வந்ததும் அம்மா தாழ்வாரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தம்பிக்குக் கண் எடுத்த அன்றுகூட அழாதவள். சொட்டு மருந்தில் எனக்கு அவள் முகம் தெரியவில்லை. மஞ்சளாக ஒரு புடவை குலுங்குவது மட்டும் தெரிந்தது. என் கண்ணும் பொருந்தவில்லை, அதனால்தான் அழுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழுவாதம்மா," என்றேன். "நாளிக்கி மாமாவ இட்டாந்து பாக்கலாம். அவருக்குச் சின்ன கண்ணுதான்."